சுவாமியும் சட்டமும்

(நமது சங்கத்தின் அடி அண்ணாமலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டம் பயின்ற வழக்கறிஞர் சிலர் இவ்வவையில் வீற்றிருக்க, இலக்கண இலக்கியங்களைப் பிள்ளைகட்குக் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியனாகிய யான் சட்டத்தைக் குறித்துப் பேசப் புகுந்தமை சிலர்க்கு வியப்பைத் தரலாம். வழக்காடுதல் என் தொழிலன்று. சொல்லுக்குப் பொருள் காண்டலே என் தொழில். ஆயினும் சட்டமும் சொற்களால் ஆகியதொன்றேயன்றோ? ஒரு சொல்லுக்கு உலகத்தார் கொள்ளும் பொருள் ஒன்றாகவும், சட்டத்தார் வகுக்கும் பொருள் பிறிதொன்றாகவும் நிற்குமிடங்களையே சட்டத்தின் விந்தைகள் என்று யாம் கூறுகிறோம். அத்தகையவற்றுள் நம் ஊர்க்கும் நம் குடும்பங்கட்கும் நெருங்கிய தொடர்புடைய ஒன்றனை இன்று எடுத்துப் பேசக் கருதுகிறேன்.

விந்தைகள் பல உண்டு. 1934ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற இந்திய விமானச் சட்டம், விமானம் என்னும் சொல்லுக்குப் பொருள் வகுக்குமிடத்து, பலூனோடு பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. 2025 ஜனவரி முதல் தேதி அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரையில், தொண்ணூறு ஆண்டுக்காலம், தெருவில் நூலும் வாலும் கட்டிப் பட்டம் விட்ட சிறுவன் எழுத்தளவில் விமானம் செலுத்தியவனே. பழைய தண்டச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இன்னும் கொடியது. தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ள முயன்று தவறியவனை அது தண்டித்தது. முயற்சியில் வென்றவனைத் தண்டிக்க எந்தச் சட்டத்தால் இயலும்? துன்பத்தால் நொந்தவனைச் சிறையிலிடும் அந்நியாயத்தை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் பெரிதும் தளர்த்தியது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டம், அரசு ஊழியரை அச்சுறுத்தவேண்டி அவ்வாறு முயல்வாரை மட்டும் விலக்கி நிறுத்தி, ஏனையோர்மீது அக்குற்றத்தைச் சாட்டாது ஒழித்தது. இவை நிற்க.

யான் கூற வந்தது வேறு. கிரிவலப் பாதையில் நடந்து வருவோர் நம் ஊரில் ஆதி அருணாசலேசுவரரைத் தொழுது செல்கின்றனர். அவர்களை நிறுத்தி, 'இக்கோயிலின் நிலமும் நகையும் யாருடையவை?' என்று வினவினால், 'சுவாமியுடையவை' என்பர். பக்தியினால் கூறும் விடை என்று நாம் எண்ணுவோம். அன்று. இந்திய நாட்டுச் சட்டமும் எழுத்துக்கெழுத்து அவ்விடையையே கூறுகிறது. கோயிற் சொத்து அர்ச்சகர்க்கும் உரியதன்று, அறங்காவலர்க்கும் உரியதன்று, ஊரார்க்கும் உரியதன்று, அரசினர்க்கும் உரியதன்று. பிரதிட்டை செய்யப்பெற்ற மூர்த்தியே அதற்கு உடையவர். சட்டத்தின் கண்ணில் சுவாமி ஓர் ஆள். அவர் பெயரால் நிலம் வாங்கலாம். அவர் பெயரால் வழக்குத் தொடரலாம். அவர்மீதும் வழக்குத் தொடரலாம். வரியும் உண்டு. இந்துத் தெய்வத்தை வருமான வரிச் சட்டத்தின் கீழ்த் தனி ஒருவராகக் கொண்டு வரி விதித்தல் தகும் என்று 1969ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புக் கூறியது. கல்கத்தாவிலிருந்து சென்ற வழக்கு அது. தெய்வத்திற்கே வரி உண்டென்றால் நம் போன்றார் முணுமுணுத்தல் எற்றுக்கு?

இனி, விந்தைக்குள் விந்தை ஒன்று உளது. ஆளாகிய இச்சுவாமி எத்தகைய ஆள்? வழக்கறிஞரைக் கேட்டால், 'மைனர்' என்பர். 1875ஆம் ஆண்டின் சட்டப்படி நம் பிள்ளைகள் பதினெட்டு வயது நிரம்பியதும் மேஜர் ஆகிவிடுகின்றனர். ஆதியும் அந்தமும் இல்லாதவன் என்று நாம் போற்றும் பரம்பொருளோ, நீதிமன்றத்தின் வாயிலை மிதித்தவுடன் வயது வராத பிள்ளையாகி, என்றும் அந்நிலையிலேயே நிற்கின்றான்.

திருவண்ணாமலையில் இவ்விந்தை இரட்டிப்பாகும். ஏன்? நம் சுவாமி பிறிதோரிடத்தில் வளர்ந்த பிள்ளையாகவே நடந்துகொள்கின்றார். வல்லாள மகாராசன் கதையை அறியாதார் இவ்வூரில் இரார். போசள வேந்தனாகிய மூன்றாம் வீரவல்லாளன் இத்திருநகரில் இருந்து அரசாண்டவன். 1342ஆம் ஆண்டையொட்டி மதுரைச் சுல்தானோடு பொருது உயிர் நீத்தவன். பிள்ளைப்பேறு இல்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகவாக வந்தார் என்பது எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணம் கூறும் வரலாறு. அதனை நம் ஊர் வெறுங் கதையாக விடவில்லை. தைப்பூசத்தன்று தீர்த்தவாரிக்குச் சென்ற சுவாமி, தந்தை இறந்த செய்தி கேட்டவராய் மேளதாளம் இன்றித் திரும்புகின்றார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கின்றார். பிண்டம் இடுவோனே வாரிசு என்பது பழைய இந்து தருமத்தின் கொள்கை. ஆகவே, கடன் கழிக்கும் மகனாகவும், உரிமை பெறும் வாரிசாகவும் சுவாமியை நடத்துதற்கு நம் முன்னோர் எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பையும் எதிர்பார்த்திருக்கவில்லை. திதி கொடுக்கும் அளவிற்கு வளர்ந்த இப்பிள்ளை கோர்ட்டுக் கட்டிடத்தில் மட்டும் வளராமல் இருப்பதற்குக் காரணம் என்ன?

காரணம் எளிது. தன் உடைமையைப் பிறர் கவரும்போது அச்சுவாமி வாய் திறந்து கூவுவதில்லை. பத்திரத்தில் கையொப்பம் இடுவதில்லை. கூண்டில் ஏறிச் சான்று பகர்வதில்லை. உடைமை உண்டு, தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் புறத்தே வெளிப்படுவதில்லை என்னும் நிலையில் இருப்பார் உலகில் வேறு யாவர்? தந்தையை இழந்த சிறு பிள்ளைகளே. சிறுவர்க்குக் கார்டியன் ஒருவர் இருப்பார். அவர் சிறுவரின் சொத்தைப் பராமரிக்கலாம், தம் விருப்பப்படி விற்றுத் தின்னலாகாது. இம்முறையையே சுவாமிக்கும் நீதிமன்றங்கள் பொருத்தின. நம் மாநிலத்தில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவில் இதனைத் தெளிவாக எழுதிவைத்துள்ளது. கோயில் நிலத்தை விற்றாலும், மாற்றிக்கொண்டாலும், அடைமானம் வைத்தாலும், ஐந்தாண்டிற்கு மேற்பட்ட குத்தகைக்கு விட்டாலும், அது கோயிலுக்கு இன்றியமையாதது அல்லது நன்மை பயப்பது என்று கண்டு ஆணையர் அனுமதி அளித்தாலன்றிச் செல்லாது. அனுமதிக்கு முன் விவரத்தை வெளியிட்டு, ஆட்சேபம் உடையவர்களைக் கேட்கவும் வேண்டும்.

இவ்வேற்பாடு முழுவதும் ஆங்கிலேயர் கொணர்ந்த சரக்கு என்று கருதுவார் உளர். அவர்கள் நம் கோயிலின் கருவறைப் புறத்தே வடபால் அமர்ந்திருக்கும் சண்டேசுவரரைச் சற்று நின்று நோக்குவாராக. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் யார் பெயரால் நடந்தன? சண்டேசுவரர் பெயரால். இறைவனின் முதல் தொண்டர் என்ற முறையில் 'ஆதிசண்டேசுவரர்' என்று அவரைக் குறித்து, அவர் பெயராலேயே பொன் பெற்றனர், நிலம் ஒப்பினர். கோயில் நிலம் விற்ற முறைக்குச் 'சண்டேசுவரப் பெருவிலை' என்றே ஒரு பெயர் வழங்கிற்று. உடையவர் பேசார், அவர்பொருட்டுப் பேசுதற்கு ஒருவர் வேண்டும், அவ்வொருவரும் பேராசைக்கு ஆட்பட்டு விடுவாராயின் என் செய்வது? ஆசைக்கே இடமில்லாத ஓர் அடியாரின் பெயரை எழுதிவிட்டனர். பின்னாளில் மேனாட்டுச் சட்டநூலார் பல ஏடுகள் எழுதிக் கண்டதனை நம் முன்னோர் கல்லில் சில சொற்களால் முடித்துவிட்டனர் என்று யான் கருதுகிறேன். சண்டேசுவரர் திருமுன் கைகளைத் தட்டிச் செல்லும் வழக்கத்திற்குப் பெரியோர் கூறும் பொருளும் இதுவே: 'சிவன் சொத்தில் ஒரு துரும்பும் எடுத்துச் செல்லவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொள்வீராக' என்பது. இப்பொழுது இளைஞர் சிலர் அவரைத் தூக்கத்தினின்று எழுப்புவார்போல் விரலைச் சொடுக்குகின்றனர். கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் சொடுக்குப் போடுதல் தகாது.

பிற நாடுகளிலும் இக்கருத்து முற்றும் இல்லாமல் இல்லை. பண்டை ரோமானியர், தம் தெய்வங்களுள் குறிப்பிட்ட சிலரை மட்டும் உயிலில் வாரிசாக எழுதலாம் என்று அனுமதித்திருந்தனர். நியூஸிலாந்து தேசத்தில் 2017ஆம் ஆண்டு வாங்கனூயி என்னும் ஆற்றையே சட்டத்தின்முன் ஓர் ஆளாக அறிவித்தனர். அதே ஆண்டில் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் அவ்வாறே அறிவிக்க, சில திங்களில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. வெள்ளம் பெருகிப் பயிரை அழித்தால் ஆற்றின்மீது வழக்குத் தொடரலாமோ என்ற ஐயம் அங்கே எழுந்ததாம்!

ஆளாகிய சுவாமிக்கு விருப்பமும் உண்டோ? 1925ஆம் ஆண்டு லண்டனில் பிரிவி கௌன்சில் முன் இக்கேள்வியே வந்தது. கல்கத்தாவில் முல்லிக் என்னும் செல்வக் குடும்பத்தார்க்குக் குலதெய்வம் ஒன்று இருந்தது. பூசை முறை தமக்கு வரும் நாட்களில் சுவாமியைத் தம் இல்லத்திற்கு எடுத்துச் செல்வோம் என்றார் ஒருவர். இருந்த இடத்தைவிட்டு அசைக்கலாகாது என்றார் மற்றொருவர். நீதிபதிகள் கூறியது யாது? 'உங்கள் இருவரின் விருப்பத்தையும் கேட்டோம். சுவாமியின் விருப்பத்தை எடுத்துரைப்பார் யாருமில்லையே. இவ்வழக்கில் தந்நலம் இல்லாத ஒருவரைச் சுவாமியின் சார்பில் நியமித்துக் கேளுங்கள்' என்று வழக்கைத் திருப்பி அனுப்பினர். பங்காளிகள் இருவர் பொருதுமிடத்தில் சிறு பிள்ளையின் முகத்தை நோக்கும் கிழவனாரைப்போல் அந்நீதிபதிகள் எனக்குத் தோன்றுகின்றனர்.

இவற்றையெல்லாம் விஞ்சிய வழக்கு ஒன்று நம் தமிழ் மண்ணினின்றே சென்றது. அதனைச் சற்று விரித்துக் கூறுதற்கு அவையோர் பொறுத்தருள வேண்டும்.

முன்னாள் தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், பத்தூர் என்னும் சிற்றூர் உளது. அங்கே விசுவநாத சுவாமி கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்து, காலப்போக்கில் இடிந்து, வழிபாடும் ஒழிந்து கிடந்தது. 1976ஆம் ஆண்டில் அவ்வூர்க் கூலித் தொழிலாளி ஒருவர், தம் குடிசையின் அருகே மண் வெட்டும்போது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. வெளிப்பட்டவர் நடராசப் பெருமான். அத்தொழிலாளிக்குச் சொந்த நிலம் கிடையாது. வியாபாரிகள் வந்தனர், அவர் சொற்பத் தொகை பெற்றார், பெருமான் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தார். 1982ஆம் ஆண்டில் லண்டனில் பொய்யான பூர்வோத்தரம் எழுதப்பெற்று, கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றற்கு விற்கப்பட்டார். கம்பெனியார் அவரைப் பழுது பார்க்கவேண்டிப் பிரிட்டிஷ் மியூஸியத்தில் ஒப்புவித்திருந்தபோது லண்டன் போலீஸார் கைப்பற்றினர். 'நாங்கள் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கினோம், திருப்பித் தருக' என்று கம்பெனியார் வழக்குத் தொடர்ந்தனர்.

எதிர்த்து உரிமை கோரியவர்கள் யாவர்? இந்திய அரசு, தமிழ்நாட்டு அரசு, கோயிலின்பொருட்டு நியமிக்கப்பெற்ற தக்கார், இடிந்த அக்கோயில் தானே, அதனுள் இருந்த சிவலிங்கம். ஆம், சிவபெருமான் லண்டன் நீதிமன்றத்தில் உரிமை கோருபவராகப் பெயர் பதிவு பெற்றார். 'கற்குவியல் ஒன்று எப்படி ஐயா வழக்குத் தொடரும்?' என்பது கம்பெனியின் வழக்கறிஞர் வாதத்தின் சாரம். இதில் உள்ள நகைச்சுவையை நோக்குக. அவர் யார்பொருட்டு வாதித்தார்? ஒரு கம்பெனியின்பொருட்டு. கம்பெனி என்பது மூச்சு விடுமோ? சோறு உண்ணுமோ? அதற்கு நாவுண்டோ? சட்டம் ஓர் ஆள் என்று கூறியதனால் மட்டும் ஆளாக நிற்பது அது. மூச்சில்லாத ஓர் ஆள், மூச்சில்லாத பிறிதோர் ஆளை நோக்கி, 'உனக்கு மூச்சில்லை, வெளியே போ' என்றது!

மண் ஆராய்ச்சியாளர், உலோக ஆராய்ச்சியாளர், கரையான் ஆராய்ச்சியாளர்கூட அவ்வழக்கிற் சான்று பகர்ந்தனர். நம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவர்கள் சிற்ப இலக்கணம் கொண்டு சான்று கூறினார். பெருமானின் திருமேனியிற் படிந்திருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த ஏனைய படிமங்களோடு ஒப்புநோக்கி, இவர் பத்தூர் மண்ணில் இருந்தவரே என்று நிறுவினர். தில்லைக் கூத்தனுக்குக் கரையான் சான்றாயிற்று. 1988ஆம் ஆண்டில் விசாரணை நீதிபதி கோயிலின் பக்கம் தீர்ப்பளித்தார். கோயிலை எடுத்த பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெருமகனின் அறச் சிந்தனை இன்றும் அழியாது நிற்கிறது, அச்சிந்தனையின் உருவமே அச்சிவலிங்கம் என்று அவர் கொண்டார். 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தமிழ்நாட்டுச் சட்டத்தில் கோயில் ஓர் ஆள் என்றால் இங்கிலாந்திலும் அது வழக்காடலாம் என்று உறுதி செய்தது. அவ்வாண்டிலேயே பெருமான் தாய்நாடு திரும்பினார். ஆனால் பத்தூர்க்கு அல்லர். பாதுகாப்புக் கருதித் திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பெற்றார். மைனருக்கு வழக்கில் வெற்றி. வீடு மட்டும் கிட்டவில்லை.

இவ்வரலாற்றில் பெருமானை எண்ணி மகிழும் பலர், மண் வெட்டிய அத்தொழிலாளியை மறந்துவிடுகின்றனர். அவர்பொருட்டும் இந்நாட்டில் சட்டம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம் என்பது அதன் பெயர். மண்ணுள் மறைந்து கிடக்கும் விலையுள்ள பொருள் எதுவாயினும் அதற்குப் புதையல் என்று பெயர். பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டெடுத்தவர் என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்நாள் என்பவற்றை எழுத்து மூலம் கலெக்டர்க்கு அறிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்புவித்தல் வேண்டும், அல்லது கேட்கும்போது தருவதற்குப் பிணை கொடுத்தல் வேண்டும். 1878இல் பத்து ரூபாய் ஒரு குடும்பத்தின் மாத உணவுக்குப் போதுமானது. இன்று ஒரு குவளைத் தேநீருக்கும் தட்டு. மத்தியச் சட்டத்தில் அத்தொகை இன்னும் பத்தாகவே நிற்பதும் ஒரு விந்தையே.

அறிவித்தால் என்ன நடக்கும்? உரிமை உடையார் வருக என்று கலெக்டர் விளம்பரம் செய்வார். நான்கு மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும் ஒரு நாள் குறிப்பார். நூறாண்டிற்குள் தாமோ தம் முன்னோரோ புதைத்தது என்று எவரேனும் கோரினால், அவர் சிவில் கோர்ட்டுக்குச் சென்று நிறுவ அவகாசம் உண்டு. உடையார் இல்லை என்று முடிவாகி, நிலத்துக்குரியவர் பங்கு கேட்பாராயின், வேறு உடன்பாடு இல்லாதவழிக் கண்டெடுத்தவர்க்கு முக்கால் பங்கு, நிலத்துக்குரியவர்க்குக் கால் பங்கு. நிலத்துக்குரியவர் எவரும் கேளாராயின் முழுதும் கண்டெடுத்தவர்க்கே. அரசினர் தமக்கு வேண்டுமென்று எடுத்துக்கொள்வதாயின், பொருளின் மூல மதிப்போடு அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாணக்கியர் தம் பொருள்நூலில் கண்டு சொன்னவனுக்கு ஆறில் ஒன்றே வகுத்தார். அந்நிய ஆட்சியார் இயற்றிய சட்டம் மண்வெட்டி பிடித்தவனுக்கு முக்கால் வகுத்தது. இதனை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறைத்தாலோ, அவருக்குரிய பங்கு அரசைச் சாரும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பத்தூர்த் தொழிலாளி அன்றே ஒரு தாளில் நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தால், கோயில் உரிமை கோரிய பின் அவர்க்குப் பங்கு கிட்டியிருக்குமோ, கிட்டாதோ, அது வழக்காடித் துணிய வேண்டியது. ஆனால் கேட்பதற்கு அவர்க்கு ஓர் இடம் இருந்திருக்கும். குற்றவாளியாக நின்றிருக்க மாட்டார். அந்நான்கு வரியை எழுதுவதற்கு அவர்க்குச் சட்டமும் தெரியாது, சொல்லிக் கொடுப்பாரும் இலர். சட்டம் அறியேன் என்பதைச் சட்டம் ஒரு விடையாக ஏற்பதில்லை. ஏற்காத சட்டம், அறிவிக்கும் கடமையையாவது மேற்கொண்டதோ? நூற்றைம்பது ஆண்டை நெருங்கும் இச்சட்டத்தைத் தமிழில் எந்தச் சிற்றூரில் எவர் தமுக்கடித்துச் சொன்னார்?

இதனை ஈண்டுக் கூறுதற்குக் காரணம், நம் ஊரும் அத்தகைய ஊர் என்பதே. ஆதி அருணாசலேசுவரர் திருக்கோயிலும், மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளிய இடமென்று போற்றப்படும் அவர் திருக்கோயிலும், மலையைச் சூழ்ந்த குளங்களும் மண்டபங்களும் உள்ள இம்மண்ணில், வீட்டுக்கு அடிக்கால் தோண்டும்போதும், கிணறு வெட்டும்போதும், எது தட்டுப்படும் என்று யார் கூறவல்லார்? செங்கம் வட்டாரத்தில் வயல் வரப்பிலும் புதரிலும் கிடந்த நடுகற்கள் பல, தமிழெழுத்தின் பழைய வரலாற்றையே உணர்த்தின. அவற்றுள் எத்தனையோ அதற்கு முன் துணி துவைக்கும் கல்லாய்க் கழிந்திருக்கும். நூறாண்டிற்கு மேற்பட்ட சிற்பங்கட்கும் படிமங்கட்கும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் உண்டு. தனியார் அவற்றை நாட்டைவிட்டு அனுப்புதல் குற்றம். ஆகவே, நம் அங்கத்தினர் வீட்டில் மண் வெட்டும்போது எதுவேனும் வெளிப்பட்டால், அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, கலெக்டர்க்கு ஒரு மனு எழுதி, ஒப்புகைச் சீட்டுப் பெற்று வைத்துக்கொள்க. எழுத இயலாதார் சங்கத்திற்கு வருக. யான் எழுதித் தருகிறேன். இரவில் வந்து விலை பேசுவார் எவராயினும், அவர் உங்கள் நலத்தைக் கருதி வந்தவரல்லர்.

நிலத்தைக் குறித்தும் சில சொல்ல வேண்டும். சென்ற சில ஆண்டுகளில் நம் குடும்பங்களின் பொருள் அதிகம் அழிந்தது இதனாலேயே. தனியார் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டு எதிர்ப்பின்றித் தனதென்று அனுபவித்தால், உரியவர் வழக்கிட்டு மீட்கும் உரிமை அற்றுப்போகலாம் என்று காலவரையறைச் சட்டம் கூறும். இதனை அரைகுறையாகக் கேட்டு, சுவாமி நிலத்திற்கும் அவ்வாறே என்று கொள்வார் உளர். 'சுவாமி மைனர், ஆதலால் அவர்க்கு எக்காலத்தும் காலவரையறை கிடையாது' என்று மறுதலையாகக் கூறுவாரும் உளர். இரண்டும் பிழை. அயோத்தி வழக்கில் 2019 நவம்பர் 9ஆம் நாள் கூறிய தீர்ப்பில், தெய்வம் சட்டத்தின்முன் ஓர் ஆள் என்பதை ஏற்ற உச்ச நீதிமன்றம், மைனர் என்ற காரணத்தால் காலவரையறை பொருந்தாது என்னும் வாதத்தை ஏற்கவில்லை. இது ஓர் உவமை என்பதை மறக்கலாகாது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் பாய்ந்தவனுக்கு வால் தேடுதல் கூடுமோ? சுவாமி மைனர் என்பது, அவர்பொருட்டு ஒருவர் பேச வேண்டும் என்ற அளவிலே நிற்பது. தமிழ்நாட்டிலோ அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இதனைத் தனியே எழுதிவைத்துள்ளது: கோயில் நிலத்தை மீட்கும் வழக்கிற்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது. எத்தனை தலைமுறை உழுதாலும், உழுத காலத்தினால் மட்டும் அது உழுதவர்க்கு உரியதாகாது.

என்னிடம் பயின்ற ஒருவன் பெங்களூரில் கட்டிட வேலை செய்து ஒன்பது ஆண்டு சேர்த்த பணத்தைக் கொடுத்து, மலை தெரியும் மனை ஒன்றுக்கு முன்பணம் கட்டினான். விற்றவர் யார், எங்கே என்பவை ஈண்டு வேண்டா. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தான். வில்லங்கம் இல்லை என்று இருந்தது. பத்திரம் பதியச் சென்ற அன்றுதான் அது சுவாமி நிலம் என்று தெரிந்தது. ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைப் பதியலாகாது என்பது பதிவுச் சட்டத்திற்கு நம் மாநிலம் செய்த திருத்தம். விற்றவர் முன்பணத்தைச் செலவழித்துவிட்டார். வில்லங்கச் சான்று ஏன் கூறவில்லை? பதிவு அலுவலகத்தில் பதிந்தவற்றையே அது கூறும். அரசரும் பாளையக்காரரும் நூற்றாண்டுகட்கு முன் சுவாமிக்கு விட்ட நிலம் பதிவு அலுவலகத்திற்கு வந்ததே இல்லை. அது கிராமத்து 'அ' பதிவேட்டில் இருக்கும். 1858இல் நிறுவப்பெற்ற இனாம் கமிஷனார் எழுதிய இனாம் பதிவேட்டில் இருக்கும். கோயிலின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும். இம்மூன்றையும் பாராமல் ஒரு சென்ட் நிலத்திற்கும் முன்பணம் கொடுக்க வேண்டா.

இதுகாறும் கூறியவற்றால், யான் சுவாமியின் பக்கமே பேசுகிறேன் என்று நினைப்பார் இருக்கலாம். பேசாதார்க்குப் பேசுதல் முறையே. ஆயினும் கார்டியன்மாரின் செயலையும் நோக்க வேண்டும். 1817ஆம் ஆண்டு ஏழாம் ரெகுலேஷனால் கும்பினியார் கோயில்களை மேற்பார்வை செய்தனர், 1863இல் ஆங்கில அரசினர் கைகழுவினர், 1920களில் மீண்டும் சட்டம் வந்தது, இன்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. கார்டியன்மார் மாறினரேயன்றி, மைனரின் சொத்துத் தேய்வது முற்றும் நின்றபாடில்லை. பெரிய கைகள் விழுங்கிய நிலம் கணக்கில் வாராது ஒழிய, தலைமுறை தலைமுறையாகக் கோயில் மனையில் குடிசை கட்டி வரியும் வாடகையும் செலுத்தி வாழ்ந்த ஏழையை ஆக்கிரமிப்பாளன் என்று ஒரே நோட்டீசில் எழுதிவிடுவதும் நடக்கிறது. முன்னவனுக்கு வழக்கறிஞர் உண்டு. பின்னவனுக்கு ரசீதுகூட இல்லை. வாடகை வாங்கினவர் ரசீது கொடுக்காததற்குக் குடியிருந்தவனா பொறுப்பாளி? சண்டேசுவரர் பெயரால் எழுதின காலத்தில், எழுதினதைக் கல்லில் வெட்டிச் சுவரில் வைத்தனர். வருவோர் போவோர் யாவரும் படிக்கலாம். இன்றைய குத்தகைப் பேரேட்டை ஊரார் படிக்கும்படி வைத்தால் பாதி வழக்குகள் பிறவா என்பது என் துணிபு. 34ஆம் பிரிவின்படி ஆட்சேபம் கேட்டு வெளியிடும் விளம்பரங்கள் வரும்போது, சங்கத்தார் அவற்றை நகலெடுத்து இம்மன்றத்தின் பலகையில் ஒட்டுவார்களாக. குறித்த நாளுக்குள் எழுதும் ஆட்சேபத்திற்கே மதிப்பு உண்டு. நாள் கடந்தபின் திண்ணையில் பேசும் ஆட்சேபத்தை எவரும் கேட்பதில்லை.

வரும் மாதக் கூட்டத்திற்கு அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்திலுள்ள பழைய பத்திரங்கள், குத்தகைச் சீட்டுக்கள், வாடகை ரசீதுகள், இனாம் நகல்கள் ஆகியவற்றைக் கொண்டுவருமாறு காரியதரிசி அவர்கள் சொல்லச் சொன்னார்கள். பழைய கையெழுத்தையும், மா, காணி, முந்திரி என்னும் அளவுக் குறிகளையும் யான் படித்துச் சொல்வேன். நம் வழக்கறிஞர் நண்பர்கள் அவற்றின் சட்ட நிலையைக் கூறுவர். ஓலையாயிருப்பின் துணியில் சுற்றி, மடிக்காமல் கொணர்க. மூலப் பத்திரத்தை எங்களிடமோ வேறு எவரிடமோ விட்டுச் செல்ல வேண்டா. படித்தவுடன் அவரவரே கையோடு எடுத்துச் செல்லலாம்.